ஆள் பாதி, ஆடை பாதி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவி ஒருத்தி)

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், அந்த ஆடைப் பாதியை யார் முடிவு செய்வது என்பதைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. உடுத்துகிறவரா? பார்க்கிறவரா? காசு கொடுத்து வாங்கித் தருகிற பெற்றோரா? அல்லது கல்வி தருகிறோம் என்ற உரிமையில் கல்லூரியா? இந்தக் கேள்வி என்னைச் சில ஆண்டுகளாகத் துரத்துகிறது. நம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இதையே எழுதினால் என்ன என்று தோன்றியது.

நம் கல்லூரியில் சேர்வதற்கு முன் ஓராண்டு காலம் வேறோர் ஊரில், கட்டுப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஒரு கிறித்தவக் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அதைப் பழிப்பதற்காக நான் எழுதவில்லை. அங்கே எனக்கு நல்ல ஆசிரியர்கள் வாய்த்தார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். இரவில் சந்தேகம் கேட்டுப் போனால் முகம் சுளிக்காமல் சமன்பாடுகளை விளக்கிய ஆசிரியை ஒருவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். என் மகளை அங்கே அனுப்பினால் பத்திரமாக இருப்பாள் என்று என் பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. இவ்வளவையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சேர்ந்த அன்று கையில் ஒரு சிறு கையேடு கொடுத்தார்கள். அதில் உடை பற்றி மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. மாணவர்களுக்கு ஐந்து வரி: சட்டையை உள்ளே செருக வேண்டும், ஜீன்ஸ், பனியன் போன்ற மேற்சட்டைகள் கூடாது, முடியை ஒட்ட வெட்ட வேண்டும், தாடி கூடாது, ஷூ அணிய வேண்டும். எஞ்சிய ஒன்றரைப் பக்கமும் மாணவிகளுக்கு. சுடிதாரின் கை முழங்கையைத் தொட வேண்டும். பக்கவாட்டுப் பிளவு இடுப்புக்குக் கீழே இத்தனை அங்குலம் தள்ளித்தான் தொடங்க வேண்டும். துப்பட்டாவை இரு தோளிலும் ஊசி குத்தி நிறுத்த வேண்டும். புதன்கிழமை சேலை. கொலுசில் முத்து இருக்கக் கூடாது. தலைமுடியை விரித்துப் போடக் கூடாது. நைட்டி அணிந்து அறையை விட்டு வெளியே வரக் கூடாது, விடுதிக்குள்ளேயானாலும் சரி. பூ வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. ஆனால், வைத்துக்கொண்டு வந்தவளை வாசலில் ஒரு பார்வை பார்ப்பார்கள். மறுநாள் அவள் வைக்க மாட்டாள்.

ஒவ்வொரு மீறலுக்கும் 50 ரூபாய் அபராதம்.

இந்த விதிகளில் எது சரி, எது தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரி என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்றே எண்ணினேன்.

என் வீட்டைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். துணிக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அப்படி. ராஜபாளையத்துக்காரர்களுக்குத் துணியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லிலிருந்து இன்றுவரை எத்தனையோ நூற்பாலைகள் இங்கே வந்துவிட்டன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாட்டின் எத்தனையோ மருத்துவமனைகளில் காயங்களைக் கட்டுகிறது. தளவாய்புரம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரச் சத்தம். நைட்டியும் பாவாடையும் அங்கேதான் பிறக்கின்றன. என் தந்தை பேண்டேஜ் தறி ஓட்டுபவர். என் தாய் வெட்டிய துணியைக் கட்டாக வாங்கி வந்து வீட்டில் நைட்டி தைப்பவர். ஒரு நைட்டி தைத்தால் 12 ரூபாய். நாள் முழுக்க மிதித்தால் இருபது, இருபத்தைந்து தைப்பார்.

விடுதிக்கு நான் கிளம்பும்போது அம்மா ஆறு நைட்டி தைத்துக் கொடுத்தார். விற்பனைக்குத் தைக்கிறதைவிட நெருக்கமான தையல், கழுத்தில் ஒரு சின்ன வேலைப்பாடு. விடுதியில் தங்கிய ஓராண்டும் அவை அறைக்கு வெளியே வந்ததில்லை. தண்ணீர் பிடிக்கப் போவதென்றாலும் உடை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அம்மா அவற்றை எடுத்துப் பார்த்து, “என்னத்தா, துவைக்காததுபோல அப்படியே கெடக்கு?” என்றார். விதியைச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ஊரெல்லாம் உடுத்துற துணிய நான் தப்பாத் தைக்கேனா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நைட்டியின் மேல் கோபம் ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. 2018-ல் ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் தோக்கலப்பள்ளி என்ற ஊரில், பெண்கள் பகலில் நைட்டி அணிந்து வெளியே வரக் கூடாது, மீறினால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்தது செய்தித்தாள்களில் வந்தது. அடுப்படியில் வேகும் பெண்ணுக்கு அந்த உடை எவ்வளவு காற்றோட்டம் என்பதை அந்தப் பெரியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது தெரியவில்லை.

நிற்க. முதல் பருவத் தேர்வு நெருங்கியது. நுழைவுச் சீட்டு வாங்க வேண்டுமானால் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. என் பெயருக்கு நேரே 650 ரூபாய் அபராதம் என்று எழுதியிருந்தது. பதின்மூன்று முறை. புதன்கிழமைக்குச் சேலை இல்லாத நாள்கள் நான்கு. என்னிடம் இருந்தவை இரண்டே சேலைகள், மழைக்காலத்தில் ஒன்று காயவில்லையென்றால் வேறு வழியில்லை. துப்பட்டாவின் ஊசி பேருந்தில் கழன்ற நாள்கள் மூன்று. எஞ்சியவையெல்லாம் சுடிதாரின் கை ஓர் அங்குலம் குறைந்ததற்கு. பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த உடைகள். நான் வளர்ந்துவிட்டேன், அவை வளரவில்லை.

பணம் கட்ட அம்மாவே வந்தார். மடித்த பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களை அலுவலகத்தில் எண்ணி வைத்தார். ஐம்பத்து நான்கு நைட்டிக்கும் மேல் ஆகிறது என்று நான் மனத்துக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டார்:

“ஏத்தா, படிப்புக்குக் கட்டுற பணம்னா கடன ஒடன வாங்கியாவது கட்டிருவேன். இது எதுக்குன்னு மட்டும் சொல்லு.”

“கை ஒரு இஞ்சு குறையுதாம்மா.”

“ஒரு இஞ்சா? தையலப் பிரிச்சு விட்டா வந்துருமே! அதச் சொல்லியிருந்தா ஒரு நாள்ல செஞ்சு தந்திருப்பனே. அதுக்கா பணம் வாங்குவாக?”

பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார். அவை எப்போதும் அவரிடம் இருக்கும். என்னிடமிருந்த நான்கு சுடிதார்களின் கைமடிப்பையும் அந்த மரத்தடியிலேயே பிரித்து, இறக்கி, மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மாலைப் பேருந்துக்குப் போனார். அபராதம் வாங்கியவர்களுக்கு வேண்டியது ஓர் அங்குலத் துணி என்றால், அது மடிப்புக்குள்ளேயே இருந்தது. எனக்கு வருத்தம் பணத்தால் வந்ததில்லை. ‘எதுக்கு?’ என்று கேட்ட என் தாய்க்குச் சொல்வதற்கு ஒரு காரணம் கையேட்டின் இரண்டு பக்கத்திலும் இல்லை என்பதால் வந்தது.

அதே கல்லூரியில்தான், அதே பருவத்தில்தான், நன்னெறி வகுப்பில் ஒரு பேராசிரியை எங்களுக்குத் தோள்சீலைப் போராட்டத்தின் கதையைச் சொன்னார். தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் உயர்சாதியார் முன்னே மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்த காலம். இலண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்களும் அவர்தம் மனைவியரும் கிறித்தவம் தழுவிய பெண்களுக்குக் குப்பாயம் என்னும் ரவிக்கையைத் தைத்துக் கொடுத்தார்கள். கர்னல் மன்றோ காலத்தில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால், பெண்கள் அத்தோடு நிற்கவில்லை. எல்லோரையும் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். சந்தையிலும் சாலையிலும் அது கிழிக்கப்பட்டது. 1822-ல் தொடங்கி முப்பத்தேழு ஆண்டு அடிதடியும் தீவைப்பும் வழக்கும் தொடர்ந்தன. 1829-ல் அரசாணை தோள்சீலையைத் தடை செய்தது. கடைசியில் 1859 ஜூலை 26-ல் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அரசு அனுமதி தந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற முறையில் உடுத்தக் கூடாது!

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என் அறைத்தோழி நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவள் கண் கலங்கியது. அவளுடைய பாட்டிக்குப் பாட்டி அந்தத் தெருக்களில் நடந்தவளாக இருக்கலாம். உடுத்தும் உரிமைக்காக உதை வாங்கிய பெண்களின் வரலாற்றைச் சொல்லிக் கொடுத்த அந்தக் கல்லூரியே, வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் எங்கள் கையின் நீளத்தை அளந்தது. அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. அன்றைய திருவிதாங்கூரில் ‘மூடாதே’ என்றார்கள். இங்கே ‘இன்னும் மூடு’ என்கிறார்கள். இரண்டும் நேர் எதிரானவைபோலத் தோன்றும். ஆனால், இரண்டிலும் ஒன்று பொது. உடுத்துகிறவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கிறித்தவத்தின் வரலாற்றிலேயே வேறு விதமான உடைகளும் உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, கறுப்பு அங்கியையும் தோல் செருப்பையும் களைந்துவிட்டுக் காவியும் மரப் பாதக்குறடும் அணிந்தார். அதற்காகச் சொந்தச் சபையாரிடமே கண்டனம் பெற்றார். பல ஆண்டு வாதத்துக்குப் பின் 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருடைய வழக்கங்களுக்கு இசைவு தந்தார். டோனாவூரில் குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய அயர்லாந்துப் பெண்மணி ஏமி கார்மைக்கேல், ஐரோப்பிய உடையை விட்டுச் சேலை கட்டினார். மக்களோடு கலப்பதற்காகத் தம் உடையை மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள். மற்றவரை மாற்றச் சொல்லுமுன் தம்மை மாற்றிக்கொண்டார்கள் என்பதை அவர்கள் வழி வந்தோர் மறக்கக் கூடாது.

என் அறைத்தோழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் காதில் தோடு கூடக் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த நாளில் தானாகக் கழற்றினாளாம். “யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டேன். “இல்ல, எனக்கே தோணுச்சு. வீட்ல அம்மா அழுதாங்க” என்றாள். கல்லூரி விதிகள் அவளுக்குப் பாரமாக இல்லை. ஆனால், என் அபராதக் கணக்கைப் பார்த்துவிட்டு அவள்தான் தன் சேலை ஒன்றை எனக்குத் தந்தாள். “எனக்கு இது ஜெபம் மாதிரி, உனக்கு இது வரி மாதிரி” என்று அவள் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. ஒரே விதி இருவர்மேல் இரண்டு விதமாக விழுகிறது!

தானே விரும்பி ஏற்கும் எளிமைக்கு நம் பக்கத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியிலிருந்து காந்தியடிகள் அரையில் முழத்துண்டோடு இறங்கி வந்தார். கதர் உடுத்துங்கள் என்று வழியில் மக்களிடம் சொன்னபோது, வாங்க எங்களுக்கு வசதியில்லையே என்று அவர்கள் சொன்ன பதில்தான் அதற்குக் காரணம். ஏழைக்கு அபராதம் போடாமல் தம் உடையைக் குறைத்துக்கொண்டார் அவர். 1927-ல் கதர்ப் பயணமாக நம் ராஜபாளையத்துக்கு வந்தபோதும், 1931-ல் இலண்டன் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தபோதும் அதே உடைதான். நம்மூரில் பிறந்து 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜாவும் கதர் உடுத்தியவர். அவர்களை யாரும் வாசலில் நிறுத்தி அளக்கவில்லை. அதனால்தான் அந்த உடைக்கு அத்தனை மதிப்பு வந்தது.

அப்படியானால் உடைக்கு விதியே கூடாதா? கூடாது என்று சொல்ல மாட்டேன். வேதியியல் மாணவி அப்படிச் சொல்ல முடியாது. நம் ஆய்வகத்துக்குள் நுழையும்போது மேலங்கி போடச் சொல்கிறார்கள். கூந்தலை முடியச் சொல்கிறார்கள். துப்பட்டாவை மடித்து மேலங்கிக்குள் செருகச் சொல்கிறார்கள். காலை மூடும் செருப்பு அணியச் சொல்கிறார்கள். நைலான் வேண்டாம், பருத்தி நல்லது என்கிறார்கள். இவை எல்லாம் உடை விதிகள்தாம். ஆயினும் ஒருவரும் முணுமுணுப்பதில்லை. காரணம், முதல் நாளே ஆசிரியர் காட்டிவிடுகிறார். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி ஒட்டாது. கந்தக அமிலத்துளி மேலங்கியில் விழுந்தால் மேலங்கிதான் போகும், தோல் பிழைக்கும். மாணவனுக்கும் அதே விதி, மாணவிக்கும் அதே விதி, ஏன், பேராசிரியருக்கும் அதே விதி. எங்கள் தெருவிலிருந்து மில்லுக்குப் போகும் அக்காமார்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சேலை முந்தானையும் பின்னலும் சுழலும் இயந்திரத்தில் சிக்கினால் உயிர் போகும். அதனால் மேல்கோட்டும் தலைத்தொப்பியும். அவர்களுக்கு அது அவமானமாகப் படுவதில்லை.

இங்கே நான் படித்து வியந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்யும் தொழிலாளி இறுக்கமான உடை அணிய வேண்டும் என்றது. அத்தோடு, அந்த உடையைத் தொழிற்சாலையை நடத்துபவரே கொடுக்க வேண்டும் என்றும் அடைப்புக்குறிக்குள் சொன்னது. எவ்வளவு நியாயமான அடைப்புக்குறி! உடையை விதிப்பவன் உடையைத் தரட்டும். நம் மாவட்டத்துத் தலைவர் காமராசரும் இதை அறிந்தவர்தான். 1952-ல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். முதலமைச்சரானதும் பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைக்குச் சோறும் போட்டார், சீருடையும் கொடுத்தார். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதற்காகச் சீருடை. அதை வாங்க முடியாத பிள்ளை வீட்டில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இலவசம். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் அந்த இலவசச் சீருடையில்தான் நான் வளர்ந்தேன். அதை அணிந்திருந்தவரை என் வீட்டு வறுமை வகுப்பில் யாருக்கும் தெரிந்ததில்லை. விதி தாயைப் போலவும் இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

ஆகவே, உடை விதி எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காரணம் சொல்கிறதா? செலவை யார் ஏற்கிறார்கள்? எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறதா?

மூன்றாவது கேள்விதான் பல இடங்களில் சறுக்குகிறது. நான் முன்பு படித்த கல்லூரியில், “இத்தனை விதி எங்களுக்கு மட்டும் ஏன்?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “பையன்களின் கவனம் சிதறும்” என்று பதில் வந்தது. கவனம் யாருடையதோ அவரல்லவா அதைக் காக்க வேண்டும்? 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் தன் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேலாடை ஆகியவற்றைத் தடை செய்தபோதும் நாடெங்கும் இந்த வாதம் எழுந்தது. 2022-ல் கர்நாடகத்தின் உடுப்பியில் ஓர் அரசுக் கல்லூரி வாசலில் முக்காடு அணிந்த மாணவியர் நிறுத்தப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றமும் போயிற்று. அக்டோபர் 13-ல் இரு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். நாட்டின் பெரிய நீதிபதிகளே ஒன்றுபட முடியாத கேள்வியை, ஒரு வாசல் காவலர் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அந்த அரை நிமிடத்தில் ஒரு பெண்ணின் வகுப்பு போய்விடுகிறது.

ஆண்களுக்கு இது நேர்வதில்லை என்றும் சொல்ல முடியாது. 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அதன் பயனாக அதே ஆண்டு தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி கட்டி வருபவரைத் தடுக்கும் மன்றத்தின் உரிமத்தையே ரத்து செய்யலாம் என்கிறது அது. ஒரு நீதிபதிக்கு நேர்ந்தது, ஒரு சட்டமே வந்தது. ஒரு நைட்டி தைப்பவரின் மகளுக்கு நேர்ந்தால் ஒரு ரசீதுதான் வருகிறது!

இதையெல்லாம் எண்ணும்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை நினைவுக்கு வருகிறாள். பெருமாளுக்கென்று பெரியாழ்வார் கட்டி வைத்த மாலையை, சூட்டுவதற்கு முன் தானே சூடிக் கிணற்று நீரில் அழகு பார்த்தவள் அவள். கோயிலில் இன்றும் அந்தக் கண்ணாடிக் கிணற்றைக் காட்டுகிறார்கள். வளர்த்த தந்தைக்கே அது பெருங்குற்றமாகப்பட்டது. கடிந்துகொண்டு வேறு மாலை கட்டினார். ஆனால், ஆண்டவன் கேட்டது அவள் சூடிய மாலையைத்தான் என்பது வரலாறு. அந்தக் காலத்து விதிப்படி பார்த்தால் அவள் எத்தனை அபராதம் கட்டியிருக்க வேண்டும்! இன்றோ, அவள் சூடிக் களைந்த மாலை திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் அழகருக்குப் போகிறது. ஆடிப்பூரத்துக்கு அவளுக்கென்று திருவரங்கத்திலிருந்து பட்டு வருகிறது. பூச்சூடுவதை அவமரியாதை என்று நினைத்த காலமும் உண்டு, அதுவே பெருமை என்று ஆன காலமும் உண்டு. விதிகள் காலத்தால் மாறுகின்றன என்பதை நம் ஊர்க் கோயிலே சொல்லிக் கொடுக்கிறது.

முதலாண்டு முடிவில் தறியில் வேலை குறைந்தது. விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்தக் கல்லூரியை விட்டு வந்தேன். ஓராண்டு வீணாயிற்றே என்று உறவினர்கள் வருந்தினார்கள். மறு ஆண்டு நம் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவியும் கிடைக்கிறது. முதல் தவணை வங்கிக்கு வந்த அன்று அம்மா அதை எடுத்து எனக்கு இரண்டு சுடிதாருக்குத் துணி வாங்கினார். கை முழங்கைக்குக் கீழே வருமாறு அவரே வெட்டினார். “இங்க யாரும் அளக்க மாட்டாங்கம்மா” என்றேன். “வெயிலுக்கு நல்லதுத்தா. ஆய்வகத்துல அமிலம் தெறிக்கும்னு நீதான சொன்ன?” என்றார். ஒரு காரணம் சொன்னார், உடனே ஒப்புக்கொண்டேன்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! நம் கல்லூரியிலும் அவ்வப்போது உடை பற்றிப் பேச்சு எழுகிறது. கட்டுப்பாடு வேண்டும் என்பாரும் உண்டு, கூடவே கூடாது என்பாரும் உண்டு. நான் இரு பக்கத்தையும் கேட்டவள், ஒரு பக்கத்தில் வாழ்ந்தும் பார்த்தவள். விதி வையுங்கள், ஆனால் மாணவ மாணவியரை உட்கார வைத்துக் கேட்டு வையுங்கள். அபராதத்துக்கு முன் ஊசியும் நூலும் கொடுங்கள். எழுத்தறியாத ஒரு தாய் வந்து ‘எதுக்கு?’ என்று கேட்டால், அவருக்குப் புரியும்படி ஒரே வரியில் பதில் சொல்ல முடிகிற விதி எதுவோ அது நிற்கட்டும். சொல்ல முடியாதவை தாமாக உதிரட்டும். நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாவோம், விடுதிக் காப்பாளர்களாவோம், சிலர் கல்லூரி முதல்வர்களும் ஆகலாம். அன்று விதி எழுதும் பேனா நம் கையில் இருக்கும். அந்தப் பேனாவைத் திறக்குமுன், அந்த விதிக்காக எங்கோ ஒருத்தி எத்தனை நைட்டி தைக்க வேண்டியிருக்கும் என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.